இறுதியாண்டு ப்ராஜெக்ட் கிராம சபைக்கு வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

பொறியியல் கலந்தாய்வு நடக்கும் இந்த நாட்களில் உங்கள் கல்விப் பக்கத்தை விடாமல் படித்து வருகிறேன். எந்தக் கல்லூரியில் எந்தப் பிரிவுக்கு என்ன கட்-ஆஃப், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, என்ன சம்பளம் என்று விவரமாகப் போடுகிறீர்கள். பிள்ளையைச் சேர்க்கப் போகும் வீட்டுக்கு அதெல்லாம் வேண்டியதுதான். ஆனால் சிவில் பிரிவைப் பற்றி எழுதியவர், சேர ஆளில்லை, படித்தாலும் வேலையில்லை என்று இரண்டு வரியில் முடித்துவிட்டார். அதற்காகத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாக இருக்கும். முடிந்தவரை வெட்டாமல் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நான் சிவகங்கை மாவட்டத்தில் ஊராட்சி ஒன்றியத்தில் ஓவர்சீயராக வேலைக்குச் சேர்ந்து, ஒன்றியப் பொறியாளராக ஓய்வு பெற்றவன். கண்மாய்க் கரை, மடை, நிறைந்த தண்ணீர் வழியும் கலுங்கு, ஊரணிப் படித்துறை, மேல்நிலைத் தொட்டி, அங்கன்வாடிக் கட்டடம், தெருவுக்குச் சிமெண்ட் சாலை, நூறு நாள் வேலைக்கு மண் அளவு என்று என் காலம் போனது. சிவில் படித்தவருக்கு எங்கள் பக்கத்தில் வேலை இல்லை என்று யார் சொன்னாலும் என்னால் ஒத்துக்கொள்ள முடியாது. ஊருக்கு ஊர் வேலை குவிந்து கிடக்கிறது. அதைச் செய்யத் தெரிந்து கல்லூரியை விட்டு வெளியே வரும் பிள்ளைகள்தான் குறைவு. அது பிள்ளைகளின் குற்றமும் அல்ல. நான்கு வருடம் படித்தும் ஒரு ஊராட்சி அலுவலகத்தின் படி ஏறாமலே பட்டம் வாங்கிவிடலாம் என்றால், அவர்கள் எங்கே போய்க் கற்றுக்கொள்வார்கள்?

தமிழ்நாட்டில் ஏரி, கண்மாய் என்று ஏறக்குறைய 39,000 இருக்கின்றன. நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், உள்ளவை நீர்வளத் துறையின் பொறுப்பு. அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பு. எண்ணிக்கையில் பாதிக்கு மேல் ஒன்றியங்களிடம்தான் இருக்கிறது. சென்னை மாகாணத்தில் ஏரிகளைச் சீரமைக்கும் திட்டம் 1883இல் தொடங்கியது. அந்த வழியில் அளந்து எழுதிய குறிப்பேடுகளை டேங்க் மெமாயர் என்போம். முழுக்கொள்மட்டம் என்ன, ஒவ்வொரு மடையின் அடிமட்டம் என்ன, கலுங்கு எவ்வளவு நீளம், எத்தனை ஏக்கர் பாசனம் என்று அதில் இருக்கும். பெரிய கண்மாய்களுக்கு அது கிடைக்கும். சின்னக் கண்மாய்களில் பலவற்றுக்குத் தேடினாலும் கிடைக்காது. எந்த மட்டத்தில் தண்ணீர் நின்றால் எந்த மடையில் எத்தனை நாள் பாயும் என்பது மடை திறந்து தண்ணீர் பங்கிடும் அந்த ஊர் நீர்க்கட்டிக்கு மட்டும்தான் தெரியும். அவர் வயதானவர். அவர் பிள்ளை திருப்பூரிலோ சிங்கப்பூரிலோ இருப்பான்.

சில ஆண்டுகளுக்கு முன்பு, நான் பணியில் இருந்தபோது, ஒரு தனியார் பொறியியல் கல்லூரியிலிருந்து இறுதியாண்டு சிவில் மாணவர்கள் ப்ராஜெக்ட்டுக்காக எங்கள் ஒன்றியத்துக் கண்மாய் ஒன்றுக்கு வந்தார்கள். டோட்டல் ஸ்டேஷன் என்ற மின்னணு அளவைக் கருவி கொண்டுவந்து மட்டம் எடுத்தார்கள். நாங்கள் டம்பி லெவல் என்ற பழைய மட்டக் கருவியும் ஸ்டாஃப் என்ற அளவுகோலுமாக ஒரு வாரம் திண்டாடும் வேலையை அவர்கள் அதில் பாதி நேரத்தில் முடித்தார்கள். கணினியில் சமமட்டக் கோடுகளோடு வரைந்து காட்டிய படத்தைப் பார்த்து மனசார மெச்சினேன். கொள்ளளவுக் கணக்கும் சரியாக இருந்தது. கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலின் மேல்பக்கம் ஒரு தடுப்பணை கட்ட வேண்டும் என்பது அவர்கள் யோசனை. கான்கிரீட் கலவையிலிருந்து கம்பி வரை எல்லாம் கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள்.

அந்தப் படத்தை ஊர்ச் சாவடியில் விரித்தார்கள். நீர்க்கட்டி குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் கேட்டார்: "எல்லாம் நல்லாத்தான் இருக்கு தம்பி. இந்தக் கால்ல வர்ற தண்ணி நமக்கு மட்டுமில்லையே. பாதி வழியில பிரிஞ்சு கீழ ஊருக்கும் போகுது. இங்க மறிச்சா அவுக என்ன செய்வாக?"

படத்தில் கீழ் ஊரே இல்லை. கல்லூரியில் கொடுத்த எல்லை இந்தக் கண்மாயோடு முடிந்திருந்தது, அவர்களும் அதோடு நிறுத்திக்கொண்டார்கள். எங்கள் பக்கத்துக் கண்மாய்கள் தனித்தனியாக இருப்பவை அல்ல. ஒன்று நிறைந்து கலுங்கு வழியாக வழிந்தால்தான் அடுத்ததற்குத் தண்ணீர். அது நிறைந்தால் அதற்கடுத்தது. இந்தத் தொடர் தெரியாமல் நடுவில் ஒரு சுவர் எழுப்பினால், அடுத்த மழைக்கே இரண்டு ஊரும் கோட்டாட்சியர் அலுவலகத்தில் நிற்கும்.

மற்ற பிள்ளைகள் தயங்கி நிற்க, ஒரு மாணவி மட்டும் நோட்டை எடுத்துக்கொண்டு, "ஐயா, எந்த இடத்துல பிரியுது? காட்டுறீங்களா?" என்று கேட்டாள். உச்சி வெயிலில் எல்லாரும் நடந்தோம். சீமைக்கருவேல முள்ளுக்குள் பங்கு பிரிக்கும் கல் கிடந்தது. அதன் மேல்மட்டத்தை அந்தப் பெண்ணே ஸ்டாஃபைப் பிடித்து, மற்றவர்களை எடுக்க வைத்தாள். திரும்பி வரும்போது கலுங்கில் வரிசையாக நட்டிருந்த கற்களைப் பார்த்து, இது எதற்கு என்று கேட்டாள். நல்ல கேள்வி. மழைக்காலம் முடியும் தறுவாயில், இனிப் பெருவெள்ளம் வராது, கரை தாங்கும் என்று ஊர் முடிவு செய்தபின், அந்தக் கற்களுக்கு நடுவே மண்ணும் தழையும் வைத்து அடைப்பார்கள். கொஞ்சம் கூடுதலாகத் தண்ணீர் நிற்கும். எப்போது அடைப்பது, எவ்வளவு உயரம் அடைப்பது என்பதெல்லாம் மேல்பக்கத்து நிலத்துக்காரர்களோடும் கீழ் ஊரோடும் பேசி வைத்த ஏற்பாடு. முன்னே பின்னே அடைத்தால் ஒருவர் நிலம் முழுகும், இன்னொருவர் நிலம் காயும். இதைத் தெரியாமல் பல இடங்களில் கலுங்கைப் புதுப்பிக்கிறேன் என்று கற்களைப் பிடுங்கிப் போட்டு, மொழுமொழுவென்று கான்கிரீட் பூசிவிட்டார்கள். பூசியவரும் பொறியியல் படித்தவர்தான்.

அந்த மாணவர்கள் தங்கள் திட்டத்தை மாற்றினார்கள். தடுப்பணை போய், வரத்துக்காலைத் தூர்வாருவதும் மூன்றாவது மடையைச் சீர்செய்வதும் வந்தது. செலவும் குறைந்தது. விலைப்பட்டியலைப் பார்த்து எஸ்டிமேட் போடுவது எப்படி, மண்ணை எவ்வளவு தூரம் கொண்டுபோனால் என்ன விகிதம், எவ்வளவு உயரம் தூக்கினால் என்ன விகிதம் என்று உட்கார்ந்து கற்றுக்கொண்டார்கள். சொல்லிக்கொடுக்க எனக்கும் ஆசையாக இருந்தது. ஆனால் அந்த எஸ்டிமேட் ஊராட்சிக்கு வந்து சேரவே இல்லை. ப்ராஜெக்ட் புத்தகமாகி, கெட்டி அட்டை போட்டு, துறை நூலகத்துக்குப் போனது. மதிப்பெண் கிடைத்தது, பிள்ளைகள் பட்டம் வாங்கிப் போனார்கள். ஊராட்சித் தலைவர் அந்தப் பிரதியைக் கேட்டுக் கல்லூரிக்குக் கடிதம் எழுதியும் பதில் இல்லை. மூன்றாவது மடை நான் ஓய்வு பெறும் வரைக்கும் ஒழுகிக்கொண்டுதான் இருந்தது.

நீடித்த வளர்ச்சி என்று இன்று எல்லாக் கல்லூரிகளும் பேசுகின்றன. ஐக்கிய நாடுகள் சபை 2015இல் வகுத்த பதினேழு இலக்குகளில் பதினொன்றாவது நகரங்களையும் ஊர்களையும் பற்றியது. இப்போது ப்ராஜெக்ட்டின் முதல் பக்கத்தில் அந்த இலக்கின் எண்ணைப் போட வேண்டுமாம். என் மகள் ஒரு கல்லூரியில் உதவிப் பேராசிரியர். அவள்தான் இதைச் சொன்னாள். பொறியியல் படிப்புகளுக்குத் தரச்சான்று தரும் தேசிய வாரியம் பொறியியல் பட்டதாரிக்கு என்று பன்னிரண்டு திறன்களை வகுத்திருந்தது. அதில் பொறியாளரும் சமூகமும் என்று ஒன்று, சுற்றுச்சூழலும் நீடித்த தன்மையும் என்று ஒன்று, தொழில் அறம் என்று ஒன்று. படித்தால் மனசுக்கு நிறைவாக இருக்கிறது. ஆனால் வேலை நடப்பது எப்படி என்றால், ஒவ்வொரு பாடத்துக்கும் எதிரே ஒவ்வொரு திறனுக்கும் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டு அட்டவணை நிரப்புகிறார்கள். இரவு பதினொரு மணி வரை என் மகள் அந்த அட்டவணையோடு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கிறேன். அந்த நேரத்தில் பாதி கிடைத்தால் அவளே மாணவர்களை ஒரு கண்மாய்க்குக் கூட்டிப் போவாள். போக வேண்டும் என்று அவளுக்கு ஆசையும் இருக்கிறது.

சுற்றுச்சூழல் பாடம் எல்லாப் பட்டப் படிப்புக்கும் உண்டு. உச்ச நீதிமன்றம் 1991இல் கல்வி நிலையங்களில் இதைக் கற்பிக்க வேண்டும் என்று சொன்னதன் பலனாக வந்தது அது. நோக்கம் பெரியது. கையில் கிடைத்தது இரண்டு மார்க் கேள்வி, பதினாறு மார்க் கேள்வி. மழைநீர்ச் சேகரிப்பின் பயன்களை எழுதுக என்று கேட்டால் பிள்ளைகள் பத்துப் பயன் எழுதுவார்கள். 2003இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமானது. தாங்கள் உட்கார்ந்து தேர்வு எழுதும் அதே கட்டடத்தின் மழைநீர்க் குழாய் இன்று எங்கே போய் முடிகிறது, அந்தக் குழியில் மணல் எப்போது மாற்றினார்கள் என்று ஒரு நாள் பார்க்கச் சொல்லலாமே. 2015 வெள்ளத்தையும் 2019இல் குடிநீருக்கு ரயிலில் தண்ணீர் வந்ததையும் நான்கே ஆண்டு இடைவெளியில் பார்த்த தலைநகரம் நம்முடையது. இதை மனப்பாடப் பாடமாக வைத்திருப்பது எனக்குத் தாங்கவில்லை.

நாட்டு நலப்பணித் திட்டம் 1969இல் காந்தி நூற்றாண்டில் தொடங்கியது. அதன் ஏழு நாள் முகாம்கள் எங்கள் ஊர்களுக்கு நிறைய வந்திருக்கின்றன. அந்தப் பிள்ளைகளின் உழைப்பில் எந்தக் குறையும் சொல்ல மாட்டேன். பள்ளிக்கூடத்துச் சுவருக்கு வெள்ளையடித்தார்கள், கோயில் குளத்தைச் சுத்தம் செய்தார்கள், இரவில் ஊர்க்காரர்களோடு உட்கார்ந்து பேசினார்கள். முகாம் முடிந்து வண்டி ஏறும்போது ஊர்ப் பெண்கள் கண்கலங்கி அனுப்பி வைத்ததையும் பார்த்திருக்கிறேன். அது சேவை. நான் கேட்பது தொழில். ஒரு சிவில் மாணவன் வெள்ளையடிப்பதைவிட, அந்தப் பள்ளிக் கூரையில் ஏன் ஒழுகுகிறது என்று கண்டுபிடித்து, எஸ்டிமேட் போட்டு, தலைமையாசிரியர் கையில் கொடுத்துவிட்டுப் போகட்டும் என்கிறேன். 2014இல் தொடங்கிய உன்னத் பாரத் அபியான் திட்டத்தில் கல்லூரிகள் கிராமங்களைத் தத்தெடுக்கின்றன. நல்ல திட்டம். ஆனால் வீடு வீடாகப் போய் நிரப்பிக்கொண்டு போன படிவங்கள் என்னவாயின என்று எங்கள் பக்கத்து ஊராட்சிகளில் கேட்டுப் பாருங்கள். விவரம் சொன்ன குடும்பத்துக்கு அதன் முடிவைச் சொல்ல யாரும் திரும்பி வரவில்லை.

இதெல்லாம் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய வித்தையா என்றால் இல்லை. தஞ்சாவூரில் பிறந்த ஜே.சி. குமரப்பா லண்டனில் கணக்காய்வும் நியூயார்க்கில் பொருளாதாரமும் படித்தவர். 1929இல் காந்தியைச் சந்தித்தபின் குஜராத் வித்யாபீடத்தில் ஆசிரியரானார். கேடா மாவட்டத்தில் மாதர் என்ற பெயருள்ள தாலுகாவில் ஐம்பதுக்கு மேற்பட்ட கிராமங்களுக்குத் தன் மாணவர்களையே அழைத்துக்கொண்டு போனார். குடும்பத்துக்கு என்ன வரவு, என்ன செலவு, எவ்வளவு நிலவரி, எவ்வளவு கடன் என்று விசாரித்து எழுதினார்கள். அந்த ஊர்களின் விவசாயி வரி கட்டும் நிலையில் இல்லை என்பதை எண்களால் காட்டிய ஆய்வு அது. கல்லூரி மாணவர்கள் சேகரித்த விவரம் அரசின் முன்னால் வைக்கும் வாதமாக மாறியது. அந்தக் குமரப்பா கடைசிக் காலத்தில் வாழ்ந்தது எங்களுக்கு எட்டும் தூரத்தில், மதுரை மாவட்டம் தே.கல்லுப்பட்டியில். 1960இல் மறைந்தார். எங்கள் பக்கத்துப் பொருளாதார மாணவர்களில் எத்தனை பேருக்கு இந்த ஆய்வைப் பற்றித் தெரியும்?

திண்டுக்கல் மாவட்டம் சின்னாளபட்டி பக்கத்தில் காந்திகிராமம் இருக்கிறது. டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் 1956இல் தொடங்கிய கிராமியக் கல்வி நிறுவனம், 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. மாணவர்கள் கிராமத்தில் போய்த் தங்கி வேலை செய்வது அங்கே படிப்பின் ஒரு பகுதி. கேரளத்தில் 1996இல் மக்கள் திட்டம் தொடங்கியபோது, திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் உள்ளாட்சிகளுக்குப் போனது. பஞ்சாயத்துகள் தயாரித்த திட்டங்களைச் சரிபார்க்க ஓய்வுபெற்ற பொறியாளர்களும் ஆசிரியர்களும் தன்னார்வத் தொழில்நுட்பக் குழுவாகச் சேர்ந்தார்கள். எஸ்டிமேட் தெரிந்தவர்கள் ஊருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தார்கள். பக்கத்து மாநிலத்தில் நடந்தது நமக்கு ஏன் ஆகாது?

என் கோரிக்கை ஒன்றுதான். சிவில் மட்டுமல்ல, எந்தப் பட்டப் படிப்பானாலும் இறுதியாண்டு ப்ராஜெக்ட்டைக் கல்லூரிக்குப் பக்கத்து ஊராட்சியில் செய்ய வழி செய்யுங்கள். அதை முடித்ததும் மாணவர்கள் கிராம சபையில் நின்று, ஊர்க்காரர்களுக்குப் புரியும் தமிழில் விளக்க வேண்டும். அவர்கள் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். அதற்கும் மதிப்பெண் வேண்டும். எஸ்டிமேட்டும் வரைபடமும் ஒரு பிரதி ஊராட்சி அலுவலகப் பீரோவில் இருக்க வேண்டும், அடுத்த ஆண்டு வரும் மாணவர்கள் அதிலிருந்து தொடர வேண்டும்.

இன்று இறுதியாண்டு ப்ராஜெக்ட் எப்படி நடக்கிறது என்று உங்கள் நிருபர்களுக்குத் தெரியாமல் இருக்காது. ஊருக்கு ஊர் ப்ராஜெக்ட் சென்டர்கள் இருக்கின்றன. பணம் கட்டினால் தலைப்பு, மாடல், புத்தகம், பேச வேண்டிய வாசகம் வரை கிடைக்கும். போன வருடம் விற்ற அதே ப்ராஜெக்ட்டுக்குப் புது அட்டை போட்டு இந்த வருடமும் விற்கிறார்கள். வெளித்தேர்வாளர் முன்னால் இது தப்பித்துப் போகலாம். "எங்க தெரு வாய்க்கால் மட்டம் எடுத்தியே, தண்ணி எந்தப் பக்கம் ஓடும்?" என்று கேட்கும் கிழவியின் முன்னால் தப்பாது. கடையில் வாங்கிய ப்ராஜெக்ட்டை வைத்துக்கொண்டு கிராம சபையில் நிற்க முடியாது.

வேறொன்றும் இதில் இருக்கிறது. தொழில்திறன் என்று நாம் சொல்வதில் பாதி கருவியைக் கையாள்வது. மறுபாதி, நாம் போடும் எண் யார் வயிற்றைத் தொடும் என்று தெரிந்திருப்பது. நூறு நாள் வேலையில் மண் வெட்டும் குழிகளை அளக்கும்போது அதை நான் தினமும் பார்த்தேன். குழிக்கு நடுவில் கொஞ்சம் மண்ணைத் தோண்டாமல் திட்டாக விட்டு வைப்பார்கள், ஆழம் அளக்க. அந்தத் திட்டின் உச்சியிலிருந்து டேப்பைப் பிடிக்கும்போது சுற்றிலும் பெண்கள் நிற்பார்கள். அளவு குறைந்தால் அன்றைக்கு அந்தக் குழுவின் கூலி குறையும். கூட்டி எழுதினால் தணிக்கையில் ஊராட்சிச் செயலர் மாட்டுவார். கெட்டித் தரையா, மண் தரையா என்று வகை பிரிப்பதில் ஒரு எழுத்து மாறினால் வயதான பெண் ஒருத்திக்கு அரைக்கூலிதான் வரும். இந்தப் பொறுப்பை வகுப்பறையில் சொல்லிப் புரிய வைக்க முடியாது. அளவுகளைப் பதியும் எம்-புக்கில் கையெழுத்துப் போடும் ஓவர்சீயருக்குப் பக்கத்தில் ஒரு மாணவன் ஒரு மாதம் நிற்கட்டும். தொழில் அறம் என்ற பாடத்துக்கு அதைவிட வேறென்ன வேண்டும்?

ஊரணிப் படித்துறை இன்னொரு உதாரணம். வழக்கமான மாடிப்படி அளவிலேயே படி கட்டிவிடுவார்கள். இடுப்பில் ஒரு குடம், கையில் ஒரு குடம் என்று ஏறும் பெண்ணுக்கு அந்த உயரம் முழங்காலைப் பிடிக்கும். பழைய செட்டிநாட்டு ஊரணிகளில் படி தாழ்வாகவும் அகலமாகவும் இருப்பதைப் பார்க்கலாம். குடத்தோடு நின்று மூச்சு வாங்க இடம் இருக்கும். அந்தப் படிகளை அளக்கவும், தண்ணீர் எடுக்கும் பெண்களைக் கேட்கவும் தெரிந்தவர் கட்டினால் ஊர் அதைப் பயன்படுத்தும். இல்லாவிட்டால் பக்கத்திலேயே மண் சரிவில் ஒரு ஒற்றையடிப் பாதை விழுந்துவிடும். அப்படி விழுந்த பாதைகளை எத்தனையோ ஊரணிகளில் காட்டுவேன்.

மற்றப் படிப்புகளுக்கும் வேலை உண்டு. வணிகவியல் மாணவர்கள் ஊராட்சியின் வரவு செலவைப் படித்து, வீட்டு வரியும் குடிநீர்க் கட்டணமும் எங்கே தேங்குகிறது என்று கிராம சபைக்குச் சொல்லலாம். நுண்ணுயிரியல் பிள்ளைகள் மேல்நிலைத் தொட்டித் தண்ணீரையும் கடைசித் தெருக் குழாய்த் தண்ணீரையும் மாதாமாதம் சோதித்துக் குளோரின் எங்கே குறைகிறது என்று காட்டலாம். தாவரவியல் துறை, சீமைக்கருவேலம் வெட்டிய கரையில் எந்த மரம் வைத்தால் வேர் கரையைப் பிளக்காது என்று சொல்லலாம். மண்புழு உரக் கொட்டகைகள் பூட்டிக் கிடக்கின்றன. குப்பை வண்டி போக வழியில்லாத இடத்தில் கட்டியதும் உண்டு, தண்ணீர் வசதி இல்லாமல் கட்டியதும் உண்டு. இதைத் தூய்மைக் காவலர்களிடம் கேட்டு எழுத ஒரு சமூகப்பணி மாணவி போதும். ஊராட்சிகள் ஆண்டுதோறும் வளர்ச்சித் திட்டம் தயாரிக்க வேண்டும் என்று 2015 முதல் ஏற்பாடு இருக்கிறது. பல இடங்களில் போன ஆண்டுத் தாளில் தேதியை மாற்றித்தான் அனுப்புகிறார்கள், ஏனென்றால் ஊராட்சிச் செயலர் ஒற்றை ஆள். அவருக்குப் படித்த பிள்ளைகளின் கை உதவி வந்தால் அந்தத் திட்டத்துக்கு உயிர் வரும்.

நடைமுறைச் சிக்கல் என்னவென்று என் மகளிடமே கேட்டேன். பேராசிரியர்களுக்கு நேரம் இல்லை, மாணவிகளை வெளியே அனுப்பப் பெற்றோர் பயப்படுவார்கள், கிராம சபையில் அரசியல் சண்டை வந்தால் கல்லூரி நிர்வாகம் ஒதுங்கிவிடும், வளாகத் தேர்வுக்கு வரும் கம்பெனிகள் இதை மதிக்குமா என்பது தெரியாது என்றாள். எல்லாம் நியாயமானவை.

நேரத்துக்கு வழி, அந்தத் திறன் அட்டவணைகளைக் குறைத்து, ஊராட்சி ப்ராஜெக்ட்டை வழிநடத்தும் மணி நேரத்தைப் பாட வேளையாகக் கணக்கில் எடுப்பது. பயணத்துக்குப் புதிதாக ஒன்றும் வேண்டாம். கல்லூரிப் பேருந்துகள் காலையில் எந்த ஊர்களில் பிள்ளைகளை ஏற்றுகின்றனவோ அந்த ஊர்களையே எடுத்துக்கொள்ளலாம். பகல் முழுவதும் அவை சும்மாதான் நிற்கின்றன. சொந்த ஊரிலும் பக்கத்து ஊரிலும் வேலை என்றால் பெற்றோருக்கும் பயம் குறையும். தமிழ்நாட்டில் ஏறக்குறைய 12,500 ஊராட்சிகள். பொறியியல் கல்லூரிகள் மட்டும் நானூறுக்கு மேல். கல்லூரிக்குச் சுமார் முப்பது ஊராட்சிதான் வரும். கலை அறிவியல் கல்லூரிகளையும் பாலிடெக்னிக்குகளையும் சேர்த்தால் இன்னும் குறையும். எந்த ஊராட்சியும் விடுபட வேண்டியதில்லை.

கிராம சபைச் சண்டையைப் பற்றி: அதுவும் படிப்புதான். சாதி, கட்சி, பங்காளித் தகராறு எல்லாம் அங்கே வரும். காலனித் தெருவுக்கு வாய்க்கால் கடைசியாகத்தான் வரும் என்பதை மாணவர்கள் கண்ணால் பார்ப்பார்கள், பார்க்க வேண்டும். ஏன் கடைசியாக வருகிறது என்று மட்டக் கணக்கை வைத்துக் கேட்கும் தைரியம் ஒரு பொறியாளருக்கு வந்தால் அதைவிடப் பெரிய பயன் எனக்குத் தெரியவில்லை. கம்பெனி மதிக்குமா என்ற கேள்விக்கு, 2022 முதல் நடக்கும் நான் முதல்வன் திட்டத்தில் கணினிப் பயிற்சிகளோடு ஊராட்சிப் பணியையும் ஒரு பயிற்சியாகச் சேர்த்து அரசே சான்றிதழ் தரலாம். ஊராட்சி, நகராட்சி, குடிநீர் வாரியப் பொறியாளர் தேர்வுகளில் அதற்கு ஒரு முன்னுரிமை கொடுக்க முடியுமா என்றும் அரசு யோசிக்க வேண்டும்.

காலமும் இதற்கு ஒத்து வருகிறது. எட்டாம் செமஸ்டர் ப்ராஜெக்ட் பெரும்பாலும் ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை. வடகிழக்குப் பருவமழை முடிந்து ஜனவரியில் கண்மாயில் தண்ணீர் நிற்கும். மடையில் எப்படிப் பாய்கிறது, எங்கே ஒழுகுகிறது என்று பார்க்கலாம். ஏப்ரலில் தரை தெரியும்; வண்டல் எவ்வளவு, ஆக்கிரமிப்பு எங்கே என்று அளக்கலாம். கிராம சபை ஜனவரி 26, மார்ச் 22, மே 1 என்று அந்த நான்கு மாதத்தை ஒட்டியே மூன்று முறை கூடுகிறது. ஜனவரியில் போய் ஊர் என்ன கேட்கிறது என்று கேட்கட்டும், உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22இல் எடுத்த அளவைக் காட்டட்டும், மே 1இல் முடித்த எஸ்டிமேட்டை ஒப்படைக்கட்டும்.

எங்களைப் போன்ற ஓய்வுபெற்ற ஓவர்சீயர்களும் பொறியாளர்களும் ஒவ்வொரு ஒன்றியத்திலும் இருக்கிறோம். சம்பளம் கேட்கவில்லை. கல்லூரி அழைத்தால் வருகிறோம், மாணவர்களோடு கண்மாய்க் கரையில் நடக்கிறோம். நீர்க்கட்டிகளுக்கும் கொத்தனார்களுக்கும் மட்டும் அவர்கள் சொல்லிக்கொடுக்கும் நாளுக்குக் கூலி கொடுங்கள். அவர்கள் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு வருகிறார்கள், அவர்களும் ஆசிரியர்கள்தான். அடுத்த பாடத்திட்டக் குழு கூடும்போது உயர்கல்வித் துறையும் ஊரக வளர்ச்சித் துறையும் ஒரே மேசையில் உட்கார்ந்து இதைப் பேச வேண்டும் என்று உங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். முதல் ஆண்டிலேயே மாநிலம் முழுக்க வேண்டாம். மாவட்டத்துக்கு ஒரு கல்லூரி, கல்லூரிக்கு இரண்டு ஊராட்சி என்று வரும் ஜனவரியில் தொடங்கினால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஒன்றியப் பொறியாளர்,
காளையார்கோவில் வட்டாரம்,
சிவகங்கை மாவட்டம்.